செட்டுக்காரர் சேத்த பிளேட்டுகள்

லீவுக்கு ஊருக்கு வர்ற பிள்ளைக இப்பல்லாம் என்கிட்ட கேக்கிற கேள்வி ஒண்ணு உண்டு. "சித்தப்பா, இங்க யார்கிட்டயாவது பழைய சினிமா எல்.பி. கெடக்கா?" பட்டணத்தில் பழைய இசைத்தட்டு சேகரிப்பது திரும்பவும் சூடு பிடித்திருக்கிறது போல. கெடக்குய்யா, நெறையக் கெடக்கு. ஆனா அது இந்தக் கரிசக்காட்டுக்கு எப்படி வந்துச்சு, யாரு சேத்து வச்சான்னு கேக்கிற ஆளுதான் இல்ல.

எங்க பக்கம் வீட்டில் பெட்டி வைத்துப் பாட்டுக் கேட்ட குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊருக்கு ஊர் சினிமாப் பிளேட்டைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்தவர் ஒருத்தர்தான். மைக் செட்டுக்காரர். நாங்க 'ரேடியோ செட்டு'ம்போம். அவர் பெட்டிக்குள் பாட்டு மட்டும் இல்லை. தமிழ்ப் படங்களின் பின்னணி இசையும் அதற்குள் கிடக்கிறது. அது எப்படி அங்கே போனது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கிடுங்க.

பூச்சி கொடுத்த பிளேட்டு

முதலில் பிளேட்டு எதால் செய்தது என்று பார்ப்போம். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய கருப்புத் தட்டு பிளாஸ்டிக் இல்லை, அரக்கு. பலாசு, இலந்தை மாதிரி மரங்களின் கிளையில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் ஒரு சின்னப் பூச்சி தன்னைச் சுற்றிக் கட்டுகிற பிசின் அது. பாரதக் கதையில் பாண்டவரை எரிக்கக் கட்டினார்களே அரக்கு மாளிகை, அதே அரக்குதான். அதோடு கல்தூள், கரித்தூள், பஞ்சிழை எல்லாம் சேர்த்துச் சுடச்சுட அழுத்தினால் பிளேட்டு. உலகத்துக்கே அரக்கு கொடுத்தது நம்ம நாடு. அதிலும் இப்போது ஜார்க்கண்ட் என்று சொல்கிற சோட்டா நாக்பூர்க் காட்டு ஜனங்கள்தான் பெரும்பங்கு.

இந்தியாவில் முதல் ஒலிப்பதிவு 1902-ல் கல்கத்தாவில் நடந்தது. அப்போது பாடியவர்களில் ஒருத்தர் கௌஹர் ஜான். அப்போது பதிவை ஜெர்மனிக்கு அனுப்பித்தான் பிளேட்டு அடித்து வரவேண்டும். அரக்கு இங்கே, அச்சு அங்கே. பருத்தி இங்க, மில்லு மான்செஸ்டர்லன்னு சொல்லுவாங்கல்ல, அதே கதை. 1908-ல் கல்கத்தாவில் தொழிற்சாலை வந்தது. 1928-ல் டம்டமில் பெரிய ஆலை வந்தது. நாய் படம் போட்ட பிளேட்டுகள் எங்க ஊர் வரைக்கும் அங்கிருந்துதான் வந்து சேர்ந்தன.

பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷம்தான் பிடிக்கும். படத்தில் ஐந்து நிமிஷம் ஓடுகிற பாட்டு பிளேட்டில் ஒரு சரணத்தை இழந்துவிடும், இல்லாவிட்டால் பாதியில் தட்டைத் திருப்பிப் போடவேண்டும். பாட்டுக்கே இந்தக் கதி என்றால், மூணு மணி நேரப் படத்தின் பின்னணி இசைக்கு எங்கே இடம்?

வெளிநாட்டில் நடந்தது

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் இல்லை. பேசும் படம் வந்த புதிதில் எல்லா ஊரிலும் பாட்டுதான் பிளேட்டாக விற்றது. 1938 தொடக்கத்தில் அமெரிக்காவில் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படத்துக்கு மூன்று பிளேட்டு சேர்த்து ஒரு கட்டாக விற்றார்கள். வேறு பாடகரை வைத்துப் பாடிப் பதியாமல், படத்தின் ஒலியிலிருந்தே எடுத்தது. பாத்திரங்களின் குரலும் கூட வந்த ஓசைகளும் அதில் இருந்தன. இப்படிப் பல பிளேட்டுகளை உறை உறையாகத் தைத்து, போட்டோ ஆல்பம் மாதிரி அட்டை போட்டுக் கொடுத்ததால்தான் 'ஆல்பம்' என்ற பேரே வந்தது. இன்றைக்குப் போனில் விரலால் தள்ளிவிட்டுக் கேட்கிறோமே, அதற்கும் அதே பேர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது 1942-ல் வந்த 'ஜங்கிள் புக்'. மிக்லோஸ் ரோஸா என்ற ஹங்கேரிக்காரர் இசையமைத்தார். அந்தப் படத்தின் வாத்திய இசையைப் பிளேட்டாகப் போட்டபோது வெறும் வாத்தியம் விற்குமா என்ற சந்தேகம் வந்திருக்கும்போல. கூடவே கதை சொல்ல ஒரு குரலைச் சேர்த்தார்கள். அது யாருடைய குரல் தெரியுமா? படத்தில் மௌக்ளியாக நடித்த சாபு. மைசூர்ச் சீமையில் காராபூரில் பிறந்த யானைப் பாகன் மகன். அமெரிக்காவில் ஒரு படத்தின் பின்னணி இசை பிளேட்டாகக் கடைக்கு வந்த முதல் முயற்சிகளில் ஒன்று, நம்ம பக்கத்துப் பையன் கதை சொல்ல, அதன் கைபிடித்து வந்தது. பேச்சின் தோளில் ஏறித்தான் பின்னணி இசை பிளேட்டுக்கு வந்தது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், நம்ம ஊர்க் கதையிலும் இதேதான் நடக்கப் போகிறது.

1948-ல் 33⅓ சுற்று எல்.பி. வந்தபிறகு ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் இடம் கிடைத்தது. வெளிநாட்டில் பின்னணி இசை தனித்தட்டாக வர ஆரம்பித்தது, அதைச் சேர்க்கிறவர்களும் கூடினார்கள். 1970-களில் எல்மர் பெர்ன்ஸ்டைன் என்ற இசையமைப்பாளர், தட்டில் வராமல் போன பழைய படங்களின் இசையைத் திரும்ப வாசித்துப் பதிந்து, சந்தா கட்டியவர்களுக்குத் தபாலில் அனுப்பினார். சேகரிப்பவர்கள் காசு போட்டார்கள், இசை பிழைத்தது.

இங்கே நாடகம்தான் முன்னாடி

தமிழில் வண்டி வேறு தடத்தில் போனது. 1931-ல் 'காளிதாஸ்' வருவதற்கு முன்பே இங்கே நாடகப் பாட்டு பிளேட்டில் ஓடிக்கொண்டிருந்தது. 'நாடக செட்டு' என்று பல தட்டுகள் சேர்த்து ஒரு முழு நாடகத்தையே விற்பார்கள். ஸ்திரீபார்ட் பாடுவார், ராஜபார்ட் பேசுவார், நடுவில் ஆர்மோனியம் நிரவும். ஏவி. மெய்யப்பன் படம் எடுக்க வருவதற்கு முன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் பேரில் இசைத்தட்டு வியாபாரத்தில் இருந்தவர்தான். அவர் 1938-ல் எடுத்த 'நந்தகுமார்' படத்தில்தான் ஒருத்தர் நடிக்க இன்னொருத்தர் பின்னணியில் பாடுகிற முறை தமிழுக்கு வந்தது.

ஆக, பேச்சைப் பிளேட்டில் கேட்பது தமிழ்க் காதுக்குப் பழகின சங்கதி. 1952-ல் 'பராசக்தி' வந்து அந்த வசனம் ஊரையே ஆட்டியபோது வசனமும் பிளேட்டாக வந்ததில் ஆச்சரியம் இல்லை. பிறகு 1959-ல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 1965-ல் 'திருவிளையாடல்' என்று கதைவசனத் தட்டுகள் வரிசை கட்டின. இந்தியில் 'ஷோலே' வசனத் தட்டு சக்கைபோடு போட்டது 1975-க்குப் பிறகு. நாம் அதற்கு ரொம்ப முன்னாடி.

செட்டுக்காரர் கணக்கு

இப்போது எங்க ஊருக்கு வாங்க. ஆகாசவாணியில் 1952-ல் மத்திய மந்திரி கேஸ்கர் சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார். விவித பாரதி வர 1957 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் ரேடியோ வைத்திருந்தவர்கள் இலங்கை வானொலியைத் திருப்பிக் கேட்டார்கள். ரேடியோ இல்லாத எங்களை மாதிரி ஊர்களுக்குச் செட்டுக்காரர்தான் வானொலி.

கரண்ட் வராத காலத்தில் கார் பேட்டரியை மாட்டு வண்டியில் ஏற்றி வருவார். குழாயை வேப்பமரத்து உச்சியில் கட்டுவார். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், அம்மன் கோயில் பொங்கல், எதுவானாலும் குழாய் சத்தம் கேட்டால்தான் விசேஷ வீடு என்று அர்த்தம். முதலில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு. அப்புறம் சாமி பாட்டு. பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குப் போறப்ப 'பாசமலர்'. எந்த நேரத்துக்கு எந்தப் பிளேட்டு என்பதில் ஐயர் மந்திரம் மாதிரி ஒரு கட்டு இருந்தது, மாற்றிப் போட்டால் ஊர்ப் பெரிசுகள் சத்தம் போடும்.

கதைவசனத் தட்டு செட்டுக்காரருக்கு ஏன் உசத்தி? எங்க ஊர்ச் செட்டுக்காரர் அண்ணாச்சியிடம் ஒரு தடவை கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, பாட்டுப் பிளேட்டு போட்டா மூணு நிமிஷத்துக்கு ஒருக்க எந்திரிக்கணும். முள்ளு மாத்தணும், தட்டு திருப்பணும். வசன எல்.பி. போட்டேம்னா ஒரு பக்கம் ஓடி முடியறதுக்குள்ள நான் பந்தியில உக்காந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டுட்டு வந்துருவேன்." வரலாற்றுப் புத்தகத்தில் இந்தக் காரணத்தை எழுதமாட்டார்கள். ஆனா இதுவும் காரணம்.

இன்னொரு காரணம் ஜனங்கள். புதுப்படம் எங்க பக்கத்து டூரிங் டாக்கீசுக்கு வந்து சேர்வதற்குள் வருஷம் ஓடிவிடும். பிளேட்டு அதற்கு முன்பே வந்துவிடும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மந்தையில் ஜமுக்காளம் விரித்துப் படுத்துக்கொண்டு, மேலே நட்சத்திரத்தைப் பார்த்தபடி முழுப் படத்தையும் காதால் 'பார்ப்போம்'. ரெண்டு தட்டு, நாலு பக்கம், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். படம் பார்க்கப் போகும்போது பாதிப் பேருக்கு வசனம் மனப்பாடமாக இருக்கும். பிற்பாடு விவித பாரதியில் ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் என்று போட்டார்களே, அதன் ருசியை மந்தையிலேயே கண்டவர்கள் நாங்கள்.

அடியில் ஓடுகிற இசை

விஷயத்துக்கு வந்துவிட்டேன். பாட்டுப் பிளேட்டில் பாட்டு மட்டும்தான் இருக்கும். கதைவசனத் தட்டு அப்படி இல்லை. படத்தின் ஒலியிலிருந்தே வெட்டி எடுத்ததால், பேச்சுக்கு அடியில் ஓடிய இசையும் கூடவே வந்துவிட்டது. 'திருவிளையாடல்' வசனத்தைக் கேளுங்கள். நாகேஷின் தருமி புலம்புவதும், ஏ.பி. நாகராஜனே நக்கீரராக நடித்து வாதாடுவதும் எல்லாருக்கும் தெரியும். பேச்சு நிற்கிற இடத்தில் கே.வி. மகாதேவன் என்ன செய்கிறார் என்று காது கொடுத்தால், அங்கே ஒரு தனிக் கச்சேரியே நடக்கும்.

தமிழில் பின்னணி இசையைத் தனித்தட்டாகப் போடும் வழக்கம் அப்போது இல்லை. ரீ-ரெக்கார்டிங்கில் வாசித்தது படத்தோடு போயிற்று. ஜி. ராமநாதன், விஸ்வநாதன்–ராமமூர்த்தி, கே.வி. மகாதேவன் என்று யாரை எடுத்தாலும் பாட்டு கடைக்கு வந்தது, பின்னணி இசை தியேட்டரோடு நின்றது. 1978-ல் வந்த 'முள்ளும் மலரும்', 1979-ல் வந்த 'உதிரிப்பூக்கள்' மாதிரிப் படங்களில் பாத்திரம் பேசாத இடத்தில் எல்லாம் இளையராஜாதான் பேசினார். அதைத் தட்டாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக அன்றைக்கு வழி இல்லை.

அப்படிப் பார்த்தால் படச்சுருளை விட்டால் அந்தக் காலத்துப் பின்னணி இசை பதிந்து கிடப்பது கதைவசனத் தட்டில்தான். படச்சுருள் லட்சணம் நமக்குத் தெரியும். 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. 1930-களின் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. அந்தப் படங்களின் மிச்சம் என்று சொல்ல பாட்டுப் பிளேட்டும் பாட்டுப் புத்தகமும்தான் இருக்கிறது. பின்னால் வந்த படங்களுக்கும் அந்தக் கதி வராது என்று யார் எழுதிக் கொடுத்தது?

கேசட் வந்தது, பெட்டி பரணுக்குப் போனது

1970-களின் கடைசியில் துபாய், சவுதி போனவர்கள் டேப்ரெக்கார்டரைத் தோளில் தொங்கவிட்டு ஊருக்கு வந்தார்கள். டவுனில் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, 60 நிமிஷமோ 90 நிமிஷமோ கேசட் ஒன்றை வாங்கிக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். வசனத் தட்டும் கேசட்டாக மாறியது. 1984-ல் 'விதி' படத்தின் கோர்ட் சீன் டீக்கடை டீக்கடையாக ஓடியது இந்த வயசுக்காரர்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பால் கறக்கப் போகிறவன்கூட வக்கீல் மாதிரி பேசிக்கொண்டு போனான்.

1990-களில் எல்.பி. அச்சடிப்பதே நின்றுபோனது. செட்டுக்காரர்கள் கேசட்டுக்கும், பிறகு சி.டி.க்கும், இப்போது பென் டிரைவுக்கும் மாறிவிட்டார்கள். பிளேட்டுப் பெட்டி பரணுக்குப் போனது.

எங்க ஊர் அண்ணாச்சி காலமான பிறகு அவர் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கினார்கள். ஒரு வியாபாரி வந்தார். இளையராஜா எல்.பி., அட்டை கிழியாத எம்.ஜி.ஆர். படத் தட்டு என்று நாற்பது போலப் பொறுக்கி எடுத்துக்கொண்டார். கதைவசனத் தட்டுகளை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது போகாதுங்க, எல்லாம் கீறல்" என்று ஓரமாக வைத்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, விற்பதைத்தான் வியாபாரி வாங்க முடியும். மிச்சத்தைப் பழைய இரும்புக்கடைக்குப் போட இருந்தார்கள். கேட்டு வாங்கி எங்க வீட்டில் பருத்தி போடுகிற அறையில் வைத்திருக்கிறேன்.

கீறல் விழுந்தது எது என்று யோசித்துப் பாருங்க. ஊர் ஊராக அதிகம் ஓடின தட்டுதான் தேயும். ஒவ்வொரு தட்டின் நடு லேபிளிலும் ரப்பர் ஸ்டாம்பு இருக்கிறது. ஒரே தட்டில் மூணு ஊர் சவுண்ட் சர்வீஸ் பேர்களைப் பார்த்தேன். ஒருத்தர் தொழிலை விட்டதும் அடுத்தவர் வாங்கியிருக்கிறார். கோடு கிழித்து ஒட்டின காகிதத்தில் "கல்யாணம்", "பொங்கல்", "ராத்திரி 10-க்கு மேல்" என்று பேனாவில் எழுதியிருக்கிறது. எந்தப் படத்தை எந்த ஜனம் எந்த நேரத்தில் கேட்டது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் இருக்கிறதா? அட்டை பளபளப்பாக இருக்கிற தட்டில் இதெல்லாம் கிடைக்காது.

உங்களிடம் கேட்பது

பெரிய சேகரிப்பு என்றால் சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் சேர்த்த பல்லாயிரம் பிளேட்டுகளைச் சொல்வார்கள். சின்ன ஊர்க்காரரும் அப்படிச் செய்ய முடியும் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா சாட்சி. போர்டு எழுதுகிற தொழில் பார்த்துக்கொண்டே புத்தகமும் நோட்டீசுமாக அவர் சேர்த்ததை வைத்துத்தான் 1994-ல் சென்னையில் அந்த ஆராய்ச்சி நூலகம் வந்தது. மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததை அவர் எடுத்து வைத்தார்.

பட்டணத்தில் இருக்கிற உங்களில் பாதிப் பேருக்குப் பூட்டின வீடு ஒன்று ஊரில் இருக்கும். பரண் ஏறிப் பாருங்க. தட்டு கிடைத்தால் இதை மட்டும் செய்யுங்க:

படுக்கவைத்து அடுக்காதீங்க, அடியில் இருக்கிறது வளைந்துவிடும். புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்க. தகரக் கூரைச் சூட்டில் வைக்காதீங்க. எல்.பி.யில் பூஞ்சை பிடித்திருந்தால் லேபிள் நனையாமல் மெல்லிய சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவையுங்க. 78 சுற்றுத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே துடைக்காதீங்க. தச்சாசாரியிடம் கேளுங்க, பாலிஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைப்பார். உங்க தட்டும் கரையும். எல்.பி. முள்ளில் 78 தட்டை ஓட்டாதீங்க. அதன் தடம் அகலம், அதற்குத் தனி முள் உண்டு.

முக்கியமாக, அட்டை கிழிந்த கதைவசனத் தட்டைத் தூக்கிப் போடாதீங்க. பழைய எல்.பி.யைச் சூடுகாட்டி வளைத்துக் கிண்ணமும், நடுவில் ஓட்டை போட்டுச் சுவர்க் கடிகாரமும் செய்து விற்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் அது எந்தத் தட்டு என்று ஒரு தடவை பாருங்க. ஒரு இசையமைப்பாளர் வாசிக்க வைத்து, எவரும் பாட்டு என்று சொல்லாததால் எங்கேயும் பேர் வராமல் போன இசை அதில் இருக்கலாம்.

புரட்டாசி முடியப் போகுது. உளுந்து விதைக்க ஈரம் பாத்துக்கிட்டு இருக்கோம். பருத்தி வந்து அறை நிறையறதுக்குள்ள இந்தப் பெட்டிகளுக்கு நல்ல இடம் ஒண்ணு பாத்தாகணும். ஒலிப்பதிவு தெரிஞ்சவங்க, கீறல் சத்தத்துக்கு நடுவுலயும் இசையைப் பிரிச்சு எடுக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. கம்பங்கூழும் வத்தலும் எங்க பொறுப்பு.